நிலை அறிக்கை, குன்னூர்

பர்லியார் சோதனைச் சாவடியில்
என் பையைப் பிரித்தவள் பச்சை அங்கிக்காரி.
இருபது உறைகள். கண்ணாடியாய்த் தெளிந்தவை,
பிராணவாயு நுழையாதவை.
எதுக்கு என்றாள்.
பிளாஸ்டிக்கைக் காப்பாற்ற என்றேன்.
பக்கத்துச் சாவடிக்காரியைக் கூப்பிட்டு
இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

ரசீது எழுதினாள். இறங்கும்போது வாங்கிக்கலாம்.
தகரக் கூரைக்கடியில் பறிமுதலான தண்ணீர்ப் புட்டிகள்
ஆளுயரம் குவிந்து
எதற்கும் அவசரமில்லாமல் கிடந்தன.

பெட்ஃபோர்டுக்கு மேலே, சில்வர் ஓக் வரிசை முடிகிற வீடு.
ப்ளெஸ்ஸினா கதவைத் திறந்ததும்
அவளுக்கு முன்னால் வந்தது ஊறுகாய் வாடை.
சமையல்கட்டு இல்லைங்க,
மாமாவோட ரூம்.

நான் பாதி வேலையை மூக்கால் செய்பவள்.
காடி நெடி என்றால் அசிடேட்.

சுவரில் எர்னஸ்ட் ஞானமுத்துவின் கண்காட்சித் தாள், 1971:
'வெண்கலத்துக்குக் களிம்பு, மரத்துக்குச் செல்,
கல்லுக்குப் பாசி. இதற்கு எதுவுமில்லை.'
அந்தத் தாள் நன்றாகவே இருக்கிறது.
ஓரத்தில் மட்டும் இலேசான பழுப்பு.

முதல் பொருள் சீப்பு. ஆமையோடு போல் நடிக்கும் செல்லுலாய்டு.
கற்பூரம் கலந்து இளக்கிய உடம்பு.
ஐம்பது வருடமாய்க் கற்பூரம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.
யாரும் ஏற்றவில்லை,
யாரும் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை.
பல்லுக்குப் பல் விரிசல். நிலை: மூன்று.

காற்றடைத்த நாற்காலி, பி.வி.சி.
தொட்ட விரலை விடமாட்டேன் என்கிறது.
எங்களுக்குள் இதை அழுகை என்போம்,
படிவத்தில் 'கசிவு' என்று எழுதுவோம்.
கைப்பிடியில் ஒரு விட்டில் ஒட்டிச் செத்திருந்தது.
இறக்கைகள் நாற்காலியைவிட நல்ல நிலையில்.

நீலத் தாள் ஒன்றை முகமூடியோடு பெட்டியில் மூடிவிட்டு
இரவு அங்கேயே படுத்தேன்.
விடிய விடிய மேகம் சன்னல் வழியாக
வீட்டுக்காரன் மாதிரி உள்ளே வந்து போனது.
ஈரமானி எண்பத்தெட்டு காட்டியது.
காலையில் தாள் மஞ்சள்.
இதைத் தனியே வையுங்கள் என்றேன்,
இதன் மூச்சு பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.
எங்க வச்சாலும் பக்கத்துல ஏதாவது இருக்குமே, என்றாள்.

கடைசியில் ஃப்ளோரா.
பாலியுரித்தேன் நுரையில், ஒருக்களித்துத் தூங்குகிறாள்.
பன்னீர் ரோஜா நிறமாக இருந்தவளாம்.
இப்போது அடிபிடித்த ரொட்டி.
டார்ச்சைத் தரையோடு சாய்த்து ஒளியை ஓடவிட்டேன்.
முதுகெங்கும் மேலோடு வெடித்து, உள்ளே பொடி.
தோளில் மட்டும் ஒரு பள்ளம்.
நாலு விரல் அகலம்.

மாமி போனதுக்கப்புறம், என்றாள் ப்ளெஸ்ஸினா,
லைட்டை அணைக்கிறதுக்கு முன்னால
தினமும் அங்கதான் கை வைப்பாரு.
கெட்டதுக்கு அதுவா காரணம்?

ஒளி, காற்று, ஈரம், என்றேன்.
கையும்தான்.

'கையாளுதல்' என்று ஒரு கட்டம் இருக்கிறது.
அதில் குறியிட்டேன்.
அளவு கேட்டிருந்தது: ஏழு சென்டிமீட்டர், ஆழம் இரண்டரை.

அவளை உறையிலிட்டு, காற்றை உறிஞ்சி,
குளிர்ந்த இருட்டில் வைக்கணும்.
அப்புறம் எப்பப் பாக்கிறது?
பார்க்காமலிருந்தால்தான் இருப்பாள்.
அப்ப அடக்கம்தானே, என்றாள்.
நான் பேனா மூடியைத் தேடினேன்.

உறையெல்லாம் கீழே சாவடியில் என்று
அவளிடம் சொல்லவே வெட்கமாக இருந்தது.
கலெக்டர் ஆபீஸ் கடிதத்தோடு அடுத்த வாரம் வருகிறேன்.
உதிர்ந்த பொடியை மட்டும்
கண்ணாடிக் குப்பியில் திரட்டித் தேதி எழுதினேன்.

பர்லியாரில் பச்சை அங்கிக்காரி
ரசீதைப் பார்த்துவிட்டு உறைக் கட்டை நீட்டினாள்.
எண்ணிப் பாத்துக்குங்க.
எத்தனை வருஷம் கிடந்தாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது.

பேருந்தில் மணி பார்க்கக் கையைத் திருப்பினேன்.
கடிகாரப் பட்டையின் மூன்றாவது துளையருகே
வெள்ளையாய் ஒரு கீறல்.
நிலை: இரண்டு.
மணி பார்க்க மறந்துபோனது.